பழைய பஜேரோவா, பழைய பிராடோவா? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிட்சுபிஷி பஜேரோவின் நான்காம் தலைமுறை 2006-இல் வந்தது, 2021-இல் உற்பத்தி நின்றது. டொயோட்டா லேண்ட் குரூசர் பிராடோ 150 வரிசை 2009-இல் தொடங்கியது. இரண்டும் பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகள். ஏழு பேர் உட்காரலாம், மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும் லோ ரேஞ்ச் கியர் உண்டு, அச்சுகளுக்கு இடையிலான தூரம்கூட ஏறக்குறைய ஒன்றுதான்: 2,780 மி.மீ., 2,790 மி.மீ. அதனால் குடும்பத்துக்கு என்று தேடுகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, பெயரைப் பார்த்து முடிவெடுப்பது. “டொயோட்டா என்றால் கெட்டுப்போகாது” என்ற பேச்சுக்குத் தனி விலை இருக்கிறது. ஒரே வயது, ஒரே ஓட்டம் உள்ள இரண்டில் பிராடோவுக்குத்தான் அதிகம் கேட்பார்கள். வண்டிகள் புதிதாக இருந்தபோது அந்த ஒப்பீட்டில் அர்த்தம் இருந்தது. பன்னிரண்டு, பதினைந்து வயதில் பஜேரோவையும் பிராடோவையும் ஒப்பிட்டுப் பயனில்லை. கண்முன் நிற்கும் இந்த பஜேரோவையும் இந்த பிராடோவையும்தான் ஒப்பிட வேண்டும். ஒழுங்காக ஆயில் மாற்றிய பஜேரோ, கவனிக்கப்படாத பிராடோவைவிட நிச்சயம் நல்ல வண்டி.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். இந்த வண்டிகளுக்குப் பார்க்க வேண்டியது வயிறு. லிஃப்ட்டில் ஏற்றாமல் விலை பேசுவது அடுத்த தவறு. பிராடோவுக்குத் தனி சேஸிஸ், அதன் மேல் பாடி. பஜேரோவில் சட்டம் பாடியோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டது. அதனால் துருப்பிடிக்கும் இடமும் வேறு, விபத்தில் அடிபடும் விதமும் வேறு. பிராடோவில் பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளையும் பகுதியில் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்ற ஓசை ‘டொக்’ என்று மாறும் இடத்தில் நில்லுங்கள். பஜேரோவில் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பட்டை, பின் சக்கர வளைவின் உட்புறம், பிரேக் குழாய்கள், பின் சஸ்பென்ஷன் சட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகம் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

பஜேரோவின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. சவாரி சொகுசு, ஆனால் ரப்பர் புஷ்களும் இணைப்புகளும் அதிகம். சக்கரக் கோணத்தைத் திருத்தும் போல்ட்டுகள் துருவில் இறுகிவிட்டால் அலைன்மென்ட் செய்ய முடியாது. அறுத்தெடுத்துப் புதிது போட வேண்டியிருக்கும். பின் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது இதன் அடையாளம். பிராடோவில் பின்னால் ஒரே திட அச்சு, வேலை எளிது. ஆனால் உயர்ரக மாடல்கள் சிலவற்றில் பின்னால் காற்றுப் பை சஸ்பென்ஷனும், சிலவற்றில் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கேடிஎஸ்எஸ் என்ற ஹைட்ராலிக் ஸ்டெபிலைசர் அமைப்பும் உண்டு. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் காரணம் தெரியாமல் வாங்க வேண்டாம்.

பெரிய செலவு ஒளிந்திருக்கும் இடம் என்ஜின். அதன் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் செயின் அல்லது பெல்ட். “டைமிங் செயினா, பெல்ட்டா?” என்று கேட்டால் விற்பவர் பலரும் தப்பாகச் சொல்வார்கள், ஏனென்றால் இரண்டு வண்டிகளிலும் கணக்கு நேரெதிர். பஜேரோவின் 3.2 லிட்டர் டீசலுக்குச் செயின், வி6 பெட்ரோலுக்குப் பெல்ட். பிராடோவின் 3.0 டீசலுக்குப் பெல்ட், 4.0 பெட்ரோலுக்கும் 2015-க்குப் பின் வந்த 2.8 டீசலுக்கும் செயின். 3.0 பிராடோவில் பெல்ட் மாற்றும் தவணை வந்ததும் டாஷ்போர்டில் விளக்கு எரியும். தவணை நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் 1,50,000 கி.மீ. பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை அணைத்துவிட முடியும் என்பதால், விளக்கு எரியவில்லை என்பது அத்தாட்சி ஆகாது. பில் வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அதே 3.0 டீசலில் கவனிக்க இன்னொன்று: டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு சீல். அது கசிந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு என்ஜினுக்குள் இறங்கி ஆயிலைத் தார்போல் ஆக்கும். அந்தக் கரி சம்ப் என்ற அடித்தட்டில் உள்ள ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் ஏறாமல் பேரிங் போய், என்ஜினே கைவிட்டுப் போகும். கேட்பதோ ஒரு சின்ன சீலின் விலை! குளிர்ந்த என்ஜினை முடுக்கும்போது வரும் கடும் ‘டக் டக்’ சத்தம் முதல் குறி. ஆயில் டிரெய்ன் துளை வழியே சிறு கேமராவை விட்டு வலையைப் பார்க்கலாம். வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் ஐடில் நிலையில், ஸ்கேனரில் இன்ஜெக்டர் திருத்த அளவுகளையும் படிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக விலகி நின்றால் அதுதான் நோயாளி.

பஜேரோ டீசலில் கேட்க வேண்டியது செயின் சத்தம். குளிர்ந்த நிலையில் முடுக்கிய முதல் சில விநாடிகள் முன்பக்கம் சங்கிலி உரசுவதுபோல் கேட்டுப் பின் அடங்கினால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. ‘செயினுக்கு ஆயுள் முழுக்கக் கவலையில்லை’ என்று நம்பி ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டிகளில்தான் இது அதிகம். ஐடிலில் ஆர்.பி.எம். ஏறி இறங்குகிறதா, மெதுவாகப் போகும்போது அணைகிறதா? டீசல் பம்ப்பில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வாக இருக்கலாம். அதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம், விலையைக் குறைக்கக் கேட்டால் போதும். என்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டு ‘வந்து பாருங்கள்’ என்று அழைப்பவரிடம், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்தாலே தெரிந்துவிடும்.

புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள டீசலைத் தினமும் ஐந்து கிலோமீட்டர் பள்ளி ஓட்டத்துக்கு மட்டும் வாங்குவதும் தவறுதான். அந்தக் கரியை எரிக்கும் அளவுக்கு வெப்பம் ஏறாமல் வடிகட்டி அடைபடும். எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் விஷயம் அதுதான். 2.8 பிராடோவில் வெள்ளைப்புகை வருகிறதா என்றும் பாருங்கள். ஓட்டம் குறைவு என்றால் பெட்ரோல் வி6 தாகம் எடுத்துக் குடித்தாலும் தலைவலி குறைவு.

நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்காமலே வாங்குகிறவர்கள் ஏராளம். அதற்காகத்தானே இந்த வண்டி! இரண்டும் இதில் ஒன்றல்ல. பஜேரோவில் சூப்பர் செலக்ட் என்ற தேர்வு லீவர் அல்லது குமிழ் உண்டு; அதில் 2எச் என்றால் பின் சக்கரம் மட்டும். 4எச்-ஐத் தார் ரோட்டிலும் போடலாம், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்கிறது. 4எச்எல்சி-யும் லோ ரேஞ்சான 4எல்எல்சி-யும் அதைப் பூட்டிவிடும், மண்ணில் மட்டும்தான். பிராடோ எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும். நடு டிஃபரன்ஷியல் பூட்டுக்குத் தனிப் பொத்தான். மண் தரைக்கு ஓட்டிப்போய், நின்று, நியூட்ரலில் லோ ரேஞ்சுக்கு மாற்றிச் சில அடி நகருங்கள். விளக்கு நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால், பல வருடம் தொடாததால், கியரை மாற்றும் ஆக்சுவேட்டர் மோட்டார் இறுகியிருக்கலாம். பூட்டைத் தார் ரோட்டில் போட்டு வளைத்துச் சோதிக்காதீர்கள். நல்ல வண்டியும் முறுகும்.

நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். சுற்றளவு வித்தியாசப்பட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. முன், பின் டிஃபரன்ஷியல் ஆயிலைச் சொட்டு விட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் ஆழமான தண்ணீரில் இறங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியே நீர் புகுந்திருக்கிறது.

அலங்காரத்துக்கு மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயர்த்திய சஸ்பென்ஷன், முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணத்தைக் கூட்டி, ரப்பர் உறையைச் சீக்கிரம் கிழிக்கும். இரும்பு பம்பர், வின்ச், கூரை ரேக் எல்லாம் சுமைக் கணக்கில் சேரும். ஏழு பேர், தலைக்கு 75 கிலோ என்றாலே 525 கிலோ ஆகிவிடும். இழுவை வண்டியும் மாட்டினால், ஊக்கில் இறங்கும் எடையும் அதன் மேல். இழுக்கும் வரம்பு நாட்டுக்கும் ஆண்டுக்கும் தக்க மாறுவதால், அடுத்தவர் சொன்ன எண்ணை விட்டுவிட்டு வண்டியின் தகட்டையும் கையேட்டையும் படியுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கொடுத்து வாங்கிவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி, முதல் வாரமே என்ஜின், ஆட்டோ கியர்பாக்ஸ், முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல் என எல்லா ஆயிலையும், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், டீசல் ஃபில்டர், பெல்ட்டுகளையும் மாற்றுங்கள். உதிரிபாகத்தில் பிராடோவுக்குச் சாதகம்; அதன் 3.0 என்ஜின் ஹைலக்ஸிலும் ஃபார்ச்சூனரிலும் ஓடுகிறது. பஜேரோவின் சர்வீஸ் பாகங்களும் கிடைக்கும், ஆனால் விளக்கு, உள் அலங்காரத் துண்டுகள், பின் சஸ்பென்ஷன் கைகளை வாங்குமுன்னே விசாரித்து வையுங்கள். கையெழுத்திடும் முன் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் திரும்ப அழைப்புப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் பஜேரோக்களும் அழைக்கப்பட்டன, அந்த மாற்றம் இலவசம்.