மோட்டார் ஹோம் வாங்கும் முன் தொழிற்சாலைக்குள் ஒரு நடை
அமெரிக்காவில் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்க நினைப்பவர்கள், ஷோரூமுக்கு முன் தொழிற்சாலையைப் பார்த்துவிடுங்கள். இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம்தான் இத்தொழிலின் தலைநகரம். அயோவாவில் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ என்ற மோட்டார் ஹோம் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது, 1958 முதல்.

காலையிலேயே போங்கள். எல்கார்ட் பக்கம் பல ஆலைகளில் விடிவதற்குள் வேலை தொடங்கி, மதியத்தோடு லைன் நின்றுவிடும். சுற்றிக்காட்டும் நாள், நேரத்தை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். விரல் மூடிய ஷூ கட்டாயம். போட்டோ எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்பது நல்லது.

உள்ளே கண் வைக்க வேண்டிய இடம், சுவர் ஏறுவதற்கு முந்தைய கட்டம். வீடு கட்டுவதற்கு நேர்மாறாக, இங்கே பெரும்பாலும் தரை போட்டு, அலமாரியும் கட்டிலும் பொருத்திய பிறகுதான் சுவரை நிறுத்துவார்கள், அதன்மேல் கூரை. ஒயர்கள் கிளிப் போட்டு ஒழுங்காக ஓடுகின்றனவா, தண்ணீர்க் குழாய் உலோக விளிம்பில் உரசுகிறதா, அலமாரி ஸ்க்ரூவில் நிற்கிறதா வெறும் ஸ்டேப்ளரிலா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு பேனல் மூடிவிடும்.

இன்னொன்றும் மறக்காமல் கேளுங்கள்: தண்ணீரைப் பீய்ச்சிக் கசிவு பார்க்கும் மழைச் சோதனை எல்லா வண்டிக்கும் உண்டா, சிலவற்றுக்கு மட்டுமா? இந்த வண்டிகளை அழிப்பது பெரும்பாலும் கூரை இணைப்பிலும் ஜன்னல் ஓரத்திலும் கசியும் நீர்தான்.