மண் பாதையிலிருந்து ரோடு ரேஸுக்கு: எம்டிபி ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியைச் சுற்றி எம்டிபி (மலைச் சைக்கிள்) ஓட்டிப் பழகியவர்களுக்குக் கால் வலுவில் குறை இருக்காது. கண்மாய்க் கரை, தைலமரக் காட்டுக்குள் போகும் செம்மண் வண்டிப்பாதை, சரளை மேடு எல்லாம் மிதித்த கால்கள். அதனாலேயே முதன்முறை ரோடு ரேஸுக்குப் பெயர் கொடுக்கும்போது, "தார் ரோடுதானே, இதில் என்ன கஷ்டம்" என்று தோன்றிவிடுகிறது. மண்ணில் பழகிவிட்டு ரோடு ரேஸ்களுக்கும் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மண் பாதையில் தரையோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். தார் ரோட்டில் காற்றையும் சுற்றி ஓட்டுகிற ஆட்களையும் சமாளிக்க வேண்டும்.

பழக்கத்தை மாற்றிக்கொண்டால் மலைச் சைக்கிள்காரர்கள் ரோட்டிலும் ஜெயிக்கலாம். 1998, 1999-இல் எம்டிபி உலகக் கோப்பையை வென்ற கேடல் எவன்ஸ், 2011-இல் உலகப் புகழ்பெற்ற ரோடு ரேஸான டூர் டி பிரான்ஸையும் வென்றார். பாலின் ஃபெரான் பிரெவோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எம்டிபி தங்கம் வாங்கிய அடுத்த வருடமே பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்றார்.

எடுத்த எடுப்பிலேயே முழு மூச்சாக மிதிப்பதுதான் நம் ஆட்களிடம் அதிகம் பார்க்கிற தவறு. எம்டிபி கிராஸ் கன்ட்ரியில் அது சரி. ஒற்றையடிப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் முந்துவது கஷ்டம், அதனால் முதல் நிமிடத்திலேயே முன்னால் போய்விட வேண்டும். ரோடு ரேஸில் முன்னால் போனவர் மற்ற எல்லோருக்குமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். காற்றை எதிர்க்கத் தேவையான பவர், வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 36-க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடும், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய பவர் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். தனியாக ஓட்டுபவர் மேல் விழும் காற்றுத் தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் உள்ளே நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர் மேல் விழுகிறது. நம் ஊர் ரேஸில் அத்தனை பெரிய கூட்டம் சேராதுதான். ஆனால் நான்கு பேர் பின்னால் ஒளிந்தாலே மூச்சு மிச்சமாவது தெரியும். மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: போகும்போதே மாட்டை விரட்டித் தீர்த்துவிட்டால், எல்லையில் திரும்பி வர அதனிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்தது காற்றின் திசை. எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். ஆனி, ஆடியில் இங்கே மேல்காற்று பிய்த்துக்கொண்டு போகும். காரைக்குடியிலிருந்து திருமயம் பக்கம் வடக்கே ஓட்டினால் அது இடது பக்கம் அடிக்கும். அப்போது முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் நின்று பயனில்லை, சற்று வலது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். அதே ரோட்டில் தெற்கே திரும்பி வரும்போது காற்று வலது பக்கம். ஒதுங்குகிற இடம் இடது ஓரமாகிவிடும். ஓரத்தில் தார் முடிந்து சரளை தொடங்குகிறது. வரிசையின் கடைசி ஆளுக்கு ஒதுங்க இடமே இருக்காது. எம்டிபிகாரருக்குச் சரளையைக் கண்டு பயமில்லை, சட்டென்று கீழே இறங்கிவிடுவார். இறங்குவதில் பெரிய ஆபத்து இல்லை, திரும்ப ஏறுவதில்தான் இருக்கிறது. பல இடங்களில் தாரின் விளிம்பு மண்ணிலிருந்து இரண்டு, மூன்று அங்குலம் உயரமாக நிற்கும். 25 மில்லிமீட்டர் டயரோடு அதன்மேல் சாய்வாக ஏறப் பார்த்தால் முன் சக்கரம் விளிம்போடு உரசிக்கொண்டே ஓடும், திருப்ப முடியாது, ஆளைத் தூக்கி ரோட்டின் நடுவில் போட்டுவிடும். தவறி இறங்கிவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், விளிம்பு தாழ்ந்த இடம் வரும்வரை பொறுங்கள், பிறகு ஏறுங்கள். காற்று திரும்பும் வளைவுக்கு முன்பே வரிசையில் முன்பக்கம் போய்விட்டால் இந்த வம்பே இல்லை.

கூட்டத்துக்குள் ஓட்டுவது தனிப் பழக்கம். முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன் சக்கரத்தை நுழைத்து வைக்காதீர்கள். அவர் லேசாக விலகினாலும் இரண்டும் உரசும், விழுவது நீங்கள்தான். அப்புறம், உட்கார்ந்து ஓட்டியவர் திடீரென்று எழுந்து மிதித்தால் அவர் சைக்கிள் ஒரு கணம் பின்னால் வரும். திருமயம் வழியில் ஒரு பயிற்சி ஓட்டத்தில் பார்த்தேன்: சின்ன ஏற்றத்தில் ஒரு தம்பி எழுந்தான், அரை அடி பின்னால் வந்த சக்கரம் அடுத்தவர் டயரில் பட்டது, அவர் முழங்கை உரிய விழுந்தார். காட்டுப் பாதையில் பின்னால் யாரும் ஒட்டி வருவதில்லை என்பதால் அந்தத் தம்பிக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, கால் கீழே அழுத்தும் நேரத்தில் எழுந்தால் சைக்கிள் பின்வாங்காது.

பிரேக்கும் அப்படித்தான். டிஸ்க் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல்தான் ஏறுவார். வேகம் குறைய வேண்டுமா, சற்று நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் படும் காற்றே குறைத்துவிடும். ஊருக்கு ஊர் வரும் வேகத்தடையைக் குதித்துத் தாண்டும் வித்தையைக் கூட்டத்துக்குள் காட்ட வேண்டாம். "குழி", "மேடு", "மாடு" என்று பின்னால் கேட்கும்படி கத்துங்கள், கையால் காட்டுங்கள்.

சொந்த எம்டிபியிலேயே கலந்துகொள்ளலாமா? ரேஸுக்கு ரேஸ் விதி மாறும். நேர் ஹேண்டில்பாருக்கு இடமுண்டா, தனிப் பிரிவா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். இடமிருந்தாலும் கியர் போதாது. முன்னால் 32 பல், பின்னால் 11 பல் என்றால் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தும் 36 கிலோமீட்டர் வேகம்தான் வரும். 50-க்கு 11 வைத்த ரோடு சைக்கிள் அதே மிதிக்கு 50-ஐத் தாண்டும். கால் காற்றாடியாகச் சுற்றியும் கூட்டம் விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. முடிந்தால் ரோடு சைக்கிள் இரவல் வாங்குங்கள், ஆனால் ரேஸ் அன்று முதன்முதலாக ஏறாதீர்கள். 76 சென்டிமீட்டர் ஹேண்டில்பாரில் பழகிய கைக்கு 42 சென்டிமீட்டர் பிடிபடச் சில வாரம் ஆகும். எம்டிபிதான் என்றால் வழவழப்பான டயர் போட்டு, சஸ்பென்ஷனை லாக் செய்து ஓட்டுங்கள். தொளதொள சட்டையும் முதுகுப் பையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

சீமைக்கருவேல முள்ளையும் மறக்கக் கூடாது. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றிய தடித்த எம்டிபி டயர் அதை மதிக்காது, மெல்லிய ரோடு டயர் தாங்காது. முந்தின நாள் மாலை டயரை மெதுவாகச் சுழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பாதி இறங்கி நிற்கிற முள் மறுநாள்தான் டியூபைத் தொடும்.

சாப்பாட்டை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் ரேஸில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். பசிக்கும் முன், முதல் அரை மணியிலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே பாட்டிலை எடுத்துக் குடித்துத் திரும்ப வைக்க, காலியான ரோட்டில் பழகிக்கொள்ளுங்கள். கண் ரோட்டில் இருக்க வேண்டும், கை பாட்டில் இருக்கும் இடத்தைத் தானாகத் தேடிப் போக வேண்டும்.