ஐந்து மின் மீட்டர்களை ஒரே கம்பியில் இணைத்தல்: மாட்பஸ் முதல் பாடம்

குளச்சல் கடற்கரையை ஒட்டிய ஓர் ஐஸ் பிளாண்டில் ஐந்து மின் மீட்டர்களின் அளவுகளை, மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில், கணினியில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் உடனே மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். நான் மல்டிமீட்டரை முதலில் எடுக்கச் சொல்வேன்.

முதற்படி கம்பி. மீட்டர்களின் தகவலைக் கொண்டுசெல்லும் ஆர்எஸ்-485 என்ற இணைப்புக்கு ஷீல்டு (உலோக உறை) உள்ள, முறுக்கிய இரட்டைக் கம்பி வேண்டும். தோவாளையில் பூத் தொடுப்பதைப் போல அது ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகச் செல்ல வேண்டும். வீட்டு வயரிங்கைப் போல ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நீளமான கிளைகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சிக்னல் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலைக் கெடுக்கும். வரிசையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வைப்பதும் இந்த எதிரொலியை அடக்கத்தான். எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு இரட்டைக் கம்பியின் ஏ, பி எனக் குறித்த இரண்டுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு மின்தடை விடுபட்டிருக்கிறது அல்லது நடுவே கம்பி அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவது மின்தடை எங்கோ இருக்கிறது.

நம் கடற்கரையில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருமுறை நான் நாள் முழுவதும் தேடிய பழுது, ஒரே ஒரு ஸ்குரூவின் அடியில் படிந்த பச்சைக் களிம்பாக இருந்தது. அத்தகைய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, ஊசி போன்ற உலோக முனையை (பின் லக்) அழுத்திப் பொருத்தி, ஸ்குரூவை முறுக்குங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

அடுத்து அமைப்புகள். ஒவ்வொரு மீட்டருக்கும் 1 முதல் 247 வரை தனித்தனி முகவரி கொடுங்கள். பாட் ரேட் (தகவல் செல்லும் வேகம்), பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்), ஸ்டாப் பிட் (ஒவ்வொரு எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) ஆகியவை எல்லா மீட்டர்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். பாட் ரேட் 9600 போதுமானது. முகவரி ஒன்றாகிவிட்டால் இரு மீட்டர்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பும் என்பதால், ஒவ்வொன்றாக இணைத்துச் சோதியுங்கள். பதிலே வராவிட்டால் ஏ, பி இரண்டையும் மாற்றிப் பாருங்கள். சில நிறுவனங்கள் அவற்றைத் தலைகீழாகக் குறிக்கின்றன.

பிறகு ஈத்தர்நெட். மீட்டர் கம்பியைக் கணினியின் ஈத்தர்நெட்டோடு இணைக்கும் பெட்டிதான் கேட்வே. கேட்வேக்கு ஐபி முகவரி 192.168.1.10, கணினிக்கு 192.168.1.20, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்து, கணினியிலிருந்து கேட்வே பதில் தருகிறதா என்று பிங் கட்டளையால் சோதியுங்கள். ஈத்தர்நெட் செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஈத்தர்நெட்டில் ஓடும் மாட்பஸ் வடிவமான மாட்பஸ் டிசிபியின் போர்ட் எண் 502.

இனி மென்பொருளில் முதல் மீட்டரின் வோல்டேஜைப் படியுங்கள். மீட்டர் ஒவ்வோர் அளவையும் ரெஜிஸ்டர் என்ற எண்ணிட்ட இடத்தில் வைத்திருக்கும். கையேட்டில் 40001 என்றிருக்கும் ரெஜிஸ்டர், கம்பியில் 0 என்ற எண்ணிலேயே கேட்கப்படுகிறது. ஆகவே மீட்டரின் திரையில் 231 வோல்ட் தெரியும்போது கணினியில் பொருந்தாத எண் வந்தால், ஓர் எண் முன்பின் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகே அடுத்த மீட்டரை இணையுங்கள்.