இலையுதிர் காலத் தொட்டியில் இவற்றைப் போடாதீர்கள்

செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கினால் என் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கனடாவில், டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் வீட்டிலேயே பிள்ளைகளைப் பராமரிக்கிறேன், அதனால் இளம் தாய்மார் “அக்கா, இந்த சென்சரி தொட்டி எப்படி?” என்று அனுப்புவார்கள். சின்னப் பிள்ளைகள் கையால் தொட்டு, அள்ளி விளையாட விதவிதமான பொருட்கள் போட்டு வைக்கும் தொட்டிதான் அது. வடிவாகத்தான் இருக்கும். ஆனால் நான் முன்பு செய்த அதே பிழைகள் அப்படியே உள்ளே கிடக்கும். தரையில் விரிப்புப் போடுவது, பழைய உடுப்பு மாட்டுவது எல்லாம் ஒரு நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதை விடுகிறேன்.

காய்ந்த சோளமும் பீன்ஸும்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. என் மகனுக்கு அப்போது 20 மாதம். ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்திய வாரம், பொப்கோர்ன் சோளம், கிட்னி பீன்ஸ், பட்டாணிப் பருப்பு எல்லாம் கொட்டி, நடுவில் ஒரு குட்டிப் பூசணிக்காயும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் அள்ளி அள்ளி விளையாடினான். அதற்குப் பிறகு ஒரு பக்க மூக்கால் மட்டும் சளி வழிந்தது, நாற்றமும் இருந்தது, நான் தடிமன் என்று நினைத்து இன்னும் இரண்டு நாளைக் கடத்திவிட்டேன். அவசரப் பிரிவில் டாக்டர் லைட் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பீன்ஸ், ஈரத்தில் ஊதிப் போய் இறுகிக் கிடக்கிறது. முதலில் மற்ற மூக்குத் துவாரத்தை மூடி, அவன் வாயோடு வாய் வைத்து என்னை ஊதச் சொன்னார். வரவில்லை. பிறகு இரண்டு பேர் அவனை அமுக்கிப் பிடிக்க, கருவியால் எடுத்தார்கள்.

“நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், உடுப்பு மடித்துக்கொண்டு. மூக்கோடு முடிந்தது எங்கள் நல்ல காலம், தொண்டையில் அடைத்திருந்தால் சத்தமே வந்திருக்காது. கனடாவில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளில் சிறு துண்டுகள் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் கடையில் வாங்கும் ஒரு பை சோளத்தை விளையாட்டுப் பொருளாக யாரும் சோதிப்பதில்லை. பச்சைக் கிட்னி பீன்ஸைக் கடித்து விழுங்கினால் வாந்தி, வயிற்றோட்டம் வேறு.

டொய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் தொட்டிக்குள் வேண்டாம். அதற்குப் பதிலாகப் பூசணிக்காயின் உள்நாரை ஜிப் பையில் போட்டு, காற்றை எடுத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி யன்னல் கண்ணாடியில் பதித்துவிடுங்கள், ஒரு வயதுப் பிள்ளைகூட அமுக்கி அமுக்கி நேரம் போவது தெரியாமல் நிற்கும். மஞ்சளிலும் பீட்ரூட்டிலும் நிறமேற்றிய அவித்த பாஸ்தா நல்லது. முழுப் பூசணிக்காயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் கழுவ விட்டால் அதைவிட நல்லது.

ஓக் மரக் கொட்டை

வேண்டாம். அளவும் ஆபத்து, சில நாளில் உள்ளேயிருந்து புழுவும் வரலாம்.

தண்ணீரில் ஊதும் ஜெல் மணிகள்

செம்மஞ்சள் நிறத்தில் ஆசையாகத்தான் இருக்கும். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைக்கும். வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பச்சை மாவில் விளையாட்டுக் களி

கறுவாப் பொடி போட்டு மணக்க மணக்கப் பிசைகிறார்கள், சரி, ஆனால் கோதுமை மா பச்சையாக இருந்தால் அதில் கிருமி இருக்கலாம். 2016, 2017இல் கனடாவில் பரவிய ஈ.கோலை தொற்றுக்கு மாவே காரணம் என்று கண்டு, கடைகளிலிருந்து மாவைத் திரும்பப் பெற்றார்கள். மா, தண்ணீர், உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, திரண்டு உருண்டு வரும்வரை அடுப்பில் கிண்டுங்கள். இதில் உப்பு அதிகம், அதனால் வாயில் வைக்க விடாதீர்கள்.

இலை பொறுக்கும் இடம்

காட்டோரத்தில் பொறுக்காதீர்கள். பொய்சன் ஐவியும் இந்தக் காலத்தில் வடிவாகச் சிவக்கும், மூன்று மூன்றாக நிற்கும் இலை அது, தொட்டால் தோல் கொப்பளிக்கும். கருங்கால் உண்ணிகள் குளிர் இறுகும்வரை ஓடித் திரியும், எங்கள் ஊர் ரூஜ் பூங்காப் பக்கம் அவை இருக்கின்றன. வீட்டு முற்றத்து மேப்பிள் இலை போதும். வெளியே போய் வந்தால் காதுக்குப் பின்னால், மயிரோரம், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஈர இலையைத் தொட்டியில் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள்.