லைசென்ஸ் எண் சரி, ஆள் யார்? கலிபோர்னியாவில் கான்ட்ராக்டரைச் சரிபார்க்கும் முறை

போன வருடம் எங்கள் குளியலறையைப் பெயர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஃப்ரீமான்டில் 1970களில் கட்டிய வீடு. ஷவருக்குப் பின்னால் சுவர் ஊறிப்போய், டைல்ஸை விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. நாலு பேரிடம் விலை கேட்டோம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொல்லி வந்தவர் மற்றவர்களைவிட ஏழாயிரம் டாலர் குறைத்துச் சொன்னார். பேச்சும் மரியாதையாக இருந்தது. அவரையே பிடித்துக்கொண்டோம்.

நான் சும்மா பணம் கொடுக்கவில்லை. அவர் அட்டையில் இருந்த லைசென்ஸ் எண்ணை அரசாங்கத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். 'ஆக்டிவ்' என்று வந்தது. அப்படியும் 2,000 டாலர் போனது. எங்கே சறுக்கினேன் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. கலிபோர்னியாவுக்கு மட்டும் பொருந்தும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

யாருக்கு லைசென்ஸ் வேண்டும்

கூலியும் சாமானும் சேர்த்து 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வேலை என்றால் லைசென்ஸ் கட்டாயம். 2024 முடிய இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. பழைய பதிவுகளில் அந்தத் தொகைதான் இருக்கும். வேலைக்கு பெர்மிட் (நகராட்சி தரும் கட்டட அனுமதி) தேவைப்பட்டாலோ, வருபவர் ஆள் வைத்து வேலை வாங்கினாலோ, தொகை குறைவாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். ஒரே வேலையை 900, 900 என்று இரண்டு பில்லாகப் பிரித்துக் கொடுப்பதும் செல்லாது.

லைசென்ஸ் கொடுப்பது சிஎஸ்எல்பி (Contractors State License Board) என்ற மாநில வாரியம். 1929 முதல் இருக்கிறது, தலைமையகம் சாக்ரமென்டோ.

படி 1: வீட்டுக்கு வரச் சொல்லும் முன்பே மூன்று விவரம்

லைசென்ஸ் எண், பதிவான தொழில் பெயர், வீட்டுக்கு வரப்போகிறவரின் முழுப் பெயர். மூன்றையும் குறுஞ்செய்தியில் கேளுங்கள், வாய்வழி வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். "நேரில் காட்டுகிறேன் சார்" என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

நட்சத்திர மதிப்பீடு போடும் செயலிகளை நான் இப்போது நம்புவதில்லை. ஆளே தெரியாவிட்டால் சிஎஸ்எல்பி தளத்திலேயே ஊரையும் வேலை வகையையும் கொடுத்து லைசென்ஸ் உள்ளவர்களைத் தேடலாம். பட்டியல் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் காசு வாங்கிக்கொண்டு யாரையும் மேலே தூக்கி வைப்பதில்லை.

படி 2: அந்தப் பக்கத்தை முழுதாகப் படிப்பது

எண்ணைப் போட்டதும், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது என்று ஒரு வரி வரும். அதை ஒட்டியே, கீழே உள்ள எல்லா விவரத்தையும் பாருங்கள் என்று இன்னொரு வரி. நான் முதல் வரியோடு மூடிவிட்டேன்.

கீழே முதலில் வகையைப் பாருங்கள். சி-10 மின்சாரம், சி-36 குழாய் வேலை, சி-54 டைல்ஸ், சி-33 பெயின்ட், சி-39 கூரை. குளியலறையை முழுதாக மாற்றுவதில் குழாய், மின்சாரம், டைல்ஸ் எல்லாம் கலந்து வரும். அதற்கு 'பி' என்ற பொது வகை வேண்டும். வீட்டைப் புதுப்பிக்க மட்டும் 'பி-2' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் பாரம் தாங்கும் சுவரில் அவர்கள் கைவைக்கக் கூடாது. எங்கள் ஆள் கொடுத்த எண் சி-33. அதாவது பெயின்ட்! அன்றைக்குக் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்து பாண்டு, அதாவது கான்ட்ராக்டர் ஏமாற்றினால் ஈடு கட்டுவதற்காக அவர் வைத்திருக்க வேண்டிய உத்தரவாதம். 2023 முதல் 25,000 டாலர். இது உங்கள் வேலைக்கென்று தனியாக வைத்த தொகை இல்லை. அந்தக் கான்ட்ராக்டரால் ஏமாந்த எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். இதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

பிறகு தொழிலாளர் விபத்துக் காப்பீடு. 'விலக்கு' என்று இருந்தால், எனக்கு வேலையாட்களே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அப்படி எழுதிக் கொடுத்தவர் மூன்று பேரோடு வந்து இறங்கினால் கேளுங்கள். அவர்களில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விடியலாம். கூரை வேலைக்காரர்களுக்கு இந்த விலக்கே கிடையாது.

படி 3: எண்ணும் ஆளும் ஒன்றுதானா

என்னைக் கவிழ்த்தது இதுதான். எண் உண்மை, லைசென்ஸ் உண்மை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவருக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

அந்தப் பக்கத்தில் தொழில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். லைசென்ஸுக்குப் பொறுப்பான ஆட்களின் பெயர்ப் பட்டியலும் ஓரமாக ஒரு சுட்டியில் இருக்கும். அதைத் திறந்து, வந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். கம்பெனிக்காக வீடு வீடாக வந்து பேசி ஒப்பந்தம் பிடிக்கும் விற்பனையாளராக இருக்கலாம். அவர்களும் சிஎஸ்எல்பியில் பதிவு செய்திருக்க வேண்டும்; அதையும் அதே தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

அடுத்து, தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. "இன்னார் எங்கள் வீட்டுக்கு வந்தார், உங்கள் ஆள்தானா?" என்று ஒரே கேள்வி. நான் இதைக் காலம் கடந்து செய்தேன். மறுமுனையில் தென்கலிபோர்னியாவில் பெயின்ட் அடிக்கும் ஒரு பெரியவர். எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததே இல்லை என்றார். தன் எண் இப்படி உலவுவது அவருக்கே அன்றுதான் தெரியும்.

லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு வாரியம் கையடக்க அட்டை ஒன்று கொடுக்கும். அதையும் புகைப்பட அடையாள அட்டையையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டாவது கான்ட்ராக்டரிடம் கேட்டபோது அவர் சாதாரணமாக எடுத்து நீட்டினார்.

படி 4: பெர்மிட்டை யார் எடுப்பது

"உங்கள் பெயரில் எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் சார், செலவும் குறைவு" என்றார் எங்கள் ஆள். நானும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு படிவம் கொடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் வீட்டுக்காரரையே பெர்மிட் எடுக்க வைப்பது அடிக்கடி நடக்கிறது, இது எனக்குத் தெரியும் என்று அதில் ஒரு பத்தி. பேனாவை வைத்துவிட்டேன்.

உங்கள் பெயரில் எடுத்தால் சட்டத்தின் கண்ணில் நீங்களே கட்டுநர். வேலையில் கோளாறு, ஆளுக்குக் காயம், இன்ஸ்பெக்‌ஷனில் தோல்வி எல்லாம் உங்களைச் சேர்ந்தது. நீங்களே சுத்தியல் பிடித்து வேலை செய்வதாக இருந்தால் சரி. மற்றபடி கான்ட்ராக்டர்தான் தன் லைசென்ஸில் எடுக்க வேண்டும்.

அன்று வண்டியில் உட்கார்ந்து மறுபடி அந்தத் தளத்தைத் திறந்தபோதுதான் சி-33 கண்ணில் பட்டது.

படி 5: பணம், ஒப்பந்தம்

வீட்டு வேலைக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. தனி பாண்டு வைத்திருக்கும் சில கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. அதுவும் லைசென்ஸ் பக்கத்திலேயே தெரியும். எங்கள் ஆள் 40 சதவீதம் கேட்டார். பேரம் பேசி 2,000க்குக் கொண்டுவந்ததில் எனக்குப் பெருமை வேறு. அதுவே சட்டம் அனுமதிக்கும் தொகையைப் போல இரண்டு மடங்கு.

அதன் பிறகு கொடுக்கும் தவணைகளும் முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. நான் காசோலையைத் தவிர வேறு எதிலும் கொடுப்பதில்லை. லைசென்ஸில் உள்ள தொழில் பெயரைத்தான் அதில் எழுதுவேன். "என் பெயரில் எழுதுங்கள், மச்சான் பெயரில் எழுதுங்கள்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக அனுப்பிய என் 2,000 திரும்பி வரவில்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், லைசென்ஸ் எண்ணோடு. பொதுவாக, கையெழுத்திட்டு மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாள்.

பதிவு போட்ட பிறகு சேர்த்தவை

ஒரு வாசகர், தன் கான்ட்ராக்டர் 'பிசினஸ் லைசென்ஸ்' காட்டியதாக எழுதியிருந்தார். அது ஊர் நகராட்சி வரிக்காகக் கொடுப்பது. பூக்கடைக்கும் அதே காகிதம்தான். கட்டட வேலைக்கான லைசென்ஸ் அதுவல்ல.

இன்னொருவர் கேட்டது: ஏற்கெனவே ஏமாந்தாயிற்று, என்ன செய்வது? சிஎஸ்எல்பியில் புகார் கொடுங்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் மேலும் புகார் எடுப்பார்கள். நான் கொடுத்தேன், விசாரணை நடக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தவர் கூலி கேட்டு உங்கள் மேல் வழக்குப் போட முடியாது; கொடுத்த பணத்தை நீங்கள் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். தீர்ப்பு வாங்குவது ஒரு பாடு, அந்த ஆளிடமிருந்து பணத்தை வாங்குவது இன்னொரு பாடு.

மூன்றாவது, நானே விட்டுவிட்டது. வேலை தொடங்கிய சில நாளில் டைல்ஸ் கடையிலிருந்தோ குழாய் ஆளிடமிருந்தோ முன்னறிவிப்புக் கடிதம் ஒன்று பதிவுத் தபாலில் வரலாம். பயப்பட வேண்டாம், அது நடைமுறைதான். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கான்ட்ராக்டர் அவர்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால், நீங்கள் அவருக்கு முழுதாகக் கொடுத்திருந்தாலும், உங்கள் வீட்டின் மேல் அவர்கள் 'லீன்' போட முடியும், அதாவது தங்கள் பாக்கிக்காக வீட்டின் மேலேயே உரிமை கோரிப் பதிவு செய்ய முடியும். கடிதம் அனுப்பியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொரு தவணைக்கும் அவர்களிடமிருந்து விடுவிப்புப் படிவம் (அந்தத் தொகைக்கு லீன் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது) வாங்கித் தரக் கான்ட்ராக்டரிடம் சொல்லி, அது கைக்கு வந்த பிறகே அடுத்த காசோலையை எழுதுங்கள். எங்கள் இரண்டாவது கான்ட்ராக்டர் நான் கேட்கும் முன்பே கொண்டுவந்து கொடுத்தார்.