கெட்டி உப்புக் கரைசலில் நீர்ச் செயல்பாட்டை அளப்பது எப்படி?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப் (தோல் பதனிடும் தொழிற்சாலை) கழிவுநீரைக் காய்ச்சி மீட்கும் உப்பில் சோடியம் குளோரைடோடு சல்பேட்டும் கலந்திருக்கும். அதைக் கரைத்து போமே மீட்டரை (கரைசலில் மிதக்கவிடும் அடர்த்திமானி) விட்டால் அடர்த்தி தெரியும், அவ்வளவுதான். தோலை உப்பிடும்போது அது தோலிலிருந்து நீரை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு நீர்ச் செயல்பாட்டைத்தான் பார்க்க வேண்டும்; அதாவது கரைசலின் நீராவி அழுத்தம் சுத்தத் தண்ணீருடையதில் எத்தனை பங்கு என்பது (சுத்தத் தண்ணீருக்கு 1).

வெறும் கணக்கு இங்கே உதவாது. 25 டிகிரியில் தெவிட்டிய சாதா உப்புக் கரைசலுக்கு (கிலோ தண்ணீருக்குச் சுமார் 6.15 மோல்) ரவுல்ட் விதி (மொத்தத் துகள்களில் நீர் மூலக்கூறுகளின் பங்கே நீர்ச் செயல்பாடு என்பது) தரும் விடை 0.82, உண்மை 0.753. நீர்த்த அயனிக் கரைசலுக்கான டிபை–ஹக்கெல் எல்லை விதியோ உப்பின் செயல்பாட்டுக் குணகத்தை (செறிவைத் திருத்தும் பெருக்கு எண்) 0.05 என்கிறது, உண்மையில் அது 1-ஐ ஒட்டி இருக்கிறது. இவ்வளவு செறிவில் தண்ணீரில் பெரும்பங்கு அயனிகளைச் சுற்றியே கட்டுண்டு கிடக்கிறது; நீர்த்த கரைசலுக்கான விதிக்கு அது தெரியாது.

ஆகவே ஐசோபீஸ்டிக் முறை: தெரிந்த கரைசலையும் தெரியாததையும் ஒரே மூடிய வெளியில் வைத்து, நீராவி வழியே இரண்டின் நீர்ச் செயல்பாடும் சமமாகும் வரை விடுவது. 110 டிகிரியில் உலர்த்திய சுத்த உப்பில் (சோடியம் குளோரைடு) 20 சதவீதக் கரைசல் செய்து, மூடியுள்ள சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டில் 1.5 கிராம் வீதம் எடை போடுங்கள். மீட்ட உப்பின் சோதனைக் கரைசலும் அப்படியே இரண்டு கிண்ணம். தடித்த செப்புத் தகட்டின்மேல் மூடி திறந்து வைத்து, டெசிகேட்டரில் (காற்றுப் புகாத கண்ணாடிக் கலம்) காற்றை மெதுவாக உறிஞ்சுங்கள். பிறகு அதை வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் வையுங்கள். அவசரப்பட்டால் கரைந்த காற்று கொப்பளித்துக் கரைசல் தெறிக்கும்; அந்த ஓட்டம் வீண்.

வெப்பநிலைதான் ஆளைக் கவிழ்க்கும். கிண்ணங்களுக்குள் சிறு வேறுபாடு இருந்தாலும் ஆவி குளிர்ந்த பக்கம் ஓடிவிடும். வேலூர் சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத தொட்டி 25-இல் நிற்காது. 40-இல் வைத்து, அந்த வெப்பநிலைக்கான சவ்வூடு குணக அட்டவணையையே பாருங்கள் (சுத்த உப்புக் கரைசல் இலட்சிய நடத்தையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண்).

சில நாள் கழித்து, காற்றை உள்ளே விட்டதும் மூடி எடை போடுங்கள். இரட்டைக் கிண்ணங்களின் செறிவு 0.2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் சமநிலை வரவில்லை.

25 டிகிரியில் சுத்த உப்புக் கிண்ணம் 1.350 கிராமுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். உப்பு 0.300, தண்ணீர் 1.050, மோலாலிட்டி (கிலோ தண்ணீருக்கு மோல்) 4.89. அதற்குச் சவ்வூடு குணகம் 1.183. ஒரு மூலக்கூறு உப்பு தரும் 2 அயனி, மோலாலிட்டி, ஒரு மோல் தண்ணீரின் எடை (கிலோவில்), குணகம் ஆகியவற்றைப் பெருக்கினால் 2 × 4.89 × 0.018015 × 1.183 = 0.208; e-இன் அடுக்காக −0.208 போட்டால் நீர்ச் செயல்பாடு 0.81. சோதனைக் கரைசலுக்கும் இதே நீர்ச் செயல்பாடுதான்.

தெவிட்டிய சுத்த உப்பே 0.75-இல் நின்றுவிடுகிறது, உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் அங்கேயும் வளரும். உப்புத் தோலில் சிவப்புத் திட்டு கண்டால் மேலும் உப்பைக் கொட்டிப் பயனில்லை.