நாய் சிரிக்கிறது என்று சொல்வதற்கு முன்: நாம் செய்யும் சில தவறுகள்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்குக் கருப்பன் என்று பெயர். வாசலில் எத்தனை ஜோடி கிடந்தாலும் ஒற்றைச் செருப்பைத்தான் எடுக்கும். எடுத்துக்கொண்டு ஓடிவிடாது. கேட் வரை போய், செருப்பைக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். நாம் ஓரடி எடுத்து வைத்தால் அசையாது. இரண்டடி வைத்தாலும் அசையாது. குனிந்து கை நீட்டுகிற நேரம் பார்த்துக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டம். பத்தடி தள்ளிப் போய் மறுபடியும் அதே ஆட்டம். இத்தனை வருடத்தில் ஒரு செருப்பைக்கூட அது கடித்துக் குதறியதில்லை.

"இதுக்கு லொள்ளு ஜாஸ்தி" என்பார் அந்த வீட்டு அத்தை. நாய் குரைக்கும் ஓசையையே குறும்புக்கும் பெயராக வைத்திருக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

அத்தை சொல்வது சரி என்றுதான் நினைக்கிறேன். கருப்பன் நம்மைச் சீண்டி விளையாடுகிறது. ஆனால் இருபது வருடமாக நாய் பூனைகளோடு வாழ்ந்ததில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். விலங்குகளிடம் நகைச்சுவை இல்லாத இடத்தில் நாம் அதைக் காண்கிறோம். இருக்கிற இடத்தில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இரண்டும் தவறுதான் என்றாலும், முதல் தவறில் வலி விலங்குக்கு.

பெரும்பாலோர் தவறுவது வாயில்தான். நாய் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, உதட்டோரம் பின்னால் இழுபட்டிருந்தால் "பாரு, சிரிக்குது" என்கிறோம். காலை நேரத்தில், நிழலில், உடம்பு தளர்ந்து, கண் பாதி மூடிய நிலையில் அப்படி இருந்தால் நாய் நிம்மதியாக இருக்கிறது என்று கொள்ளலாம். பினாங்கின் மதிய வெயிலில் அதே முகத்துக்குப் பொருள் வேறு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். அதன் உடல் வெப்பம் சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பழைய நாயை ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாடாங் கோத்தா கடற்கரைக்கு அழைத்துப் போய், "என் செல்லம் சிரிக்கிறது" என்று நான்கு படம் எடுத்தேன். வாய் காது வரை விரிந்திருந்தது. நாக்கு அகலமாக, நுனி தடித்துத் தொங்கியது. கண்கள் பிதுங்கியிருந்தன. ஐந்து நிமிடத்தில் அதற்குக் கால் பின்னியது. நிழலில் படுக்க வைத்து, சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிப் போனோம். பிழைத்தது. அந்தப் படங்களை இப்போது பார்த்தால் சிரிப்பின் சாயல்கூட அதில் இல்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் அப்படியே பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். அங்கே நீண்ட வால் குரங்கு ஒன்று உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டினால், "குரங்கு சிரிக்குதும்மா" என்று பிள்ளையும் பல்லைக் காட்டும். குரங்கு அந்த முகத்தைக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தில், அல்லது "என்னை விட்டுவிடு" என்று பணிந்துபோகையில். அதையே பார்த்துக்கொண்டு நெருங்கினால் அடுத்தது கடிதான். வாயை வட்டமாகத் திறந்து வெறித்துப் பார்த்தால் அது நேரடி மிரட்டல். விளையாடும்போது குரங்கு காட்டும் முகம் தனி. வாய் தளர்வாகத் திறந்திருக்கும், மேல்பற்கள் உதட்டுக்குள் மறைந்திருக்கும், உடம்பு துள்ளும். டச்சு ஆய்வாளர் யான் வான் ஹூஃப் 1972இல் இந்த இரண்டு முகங்களையும் பிரித்துக் காட்டினார். பல்லைக் காட்டும் முகம் நம் புன்னகைக்கு உறவு, விளையாட்டு முகம் நம் சிரிப்புக்கு உறவு என்பது அவர் கருத்து. புன்னகையும் சிரிப்பும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை என்பதை நினைத்தால், சங்கடத்தில் நாம் அசட்டுத்தனமாகப் பல்லைக் காட்டுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

மிகவும் மனதை வருத்துவது தேவாங்கு வகையைச் சேர்ந்த கொங்காங்தான். கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பெரிய கண்ணை விரித்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது சுகத்தில் கை தூக்கவில்லை. அதன் முழங்கை அருகே ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் வரும் திரவம் எச்சிலோடு கலந்தால் நஞ்சு. ஆபத்து என்று உணரும்போது அந்தச் சுரப்பியை வாய்க்கு எட்டும்படி கொண்டுவரத்தான் கையை உயர்த்துகிறது. தீபகற்ப மலேசியாவில் கொங்காங் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பு பெற்ற உயிர். வீட்டில் வளர்க்கவே கூடாது. அந்தக் காணொளிகளைத் தயவுசெய்து பகிராதீர்கள்.

டால்பினின் சிரிப்பும் இப்படித்தான். அதன் தாடையின் அமைப்பு அது. செத்துக் கரை ஒதுங்கினாலும் அதே முகம்தான். பூனை எதையோ முகர்ந்துவிட்டு வாயைக் கோணி நிற்பதும் பழிப்புக் காட்டுவது அல்ல. வாயின் மேற்புறத்தில் வாசனை அறியும் தனி உறுப்பு ஒன்று உண்டு, காற்றை அதற்கு அனுப்புகிறது. ஆடும் குதிரையும்கூட இதைச் செய்யும்.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு "விலங்குக்கு ஏது நகைச்சுவை, எல்லாம் நம் கற்பனை" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. படித்தவர்களிடம்தான் இந்தத் தவறு அதிகம். சார்லஸ் டார்வின் அப்படி நினைக்கவில்லை. வெறும் விளையாட்டிலிருந்து பிரித்துச் சொல்லத்தக்க நகைச்சுவை உணர்வு நாய்களிடம் இருக்கிறது என்று எழுதினார். அவர் தந்த உதாரணம் என்ன தெரியுமா? எறிந்த குச்சியைக் கொஞ்ச தூரம் எடுத்துப் போய், முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எஜமானர் மிக நெருங்கி வரும் வரை காத்திருந்து, சட்டென்று கவ்விக்கொண்டு ஓடும் நாய். குச்சிக்குப் பதில் செருப்பு என்று வைத்துக்கொண்டால் அது கருப்பன்தான்.

எலியை எடுத்துக்கொள்ளுங்கள். யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1990களின் பிற்பகுதியில் ஆய்வகத்து எலிக்குஞ்சுகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். அவை 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிட்டன. நம் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால், கருவி வைத்துத்தான் அதைக் கேட்க முடிந்தது. எலிகள் தங்களுக்குள் விளையாடும்போதும் இதே ஒலிதான். கிச்சுகிச்சு மூட்டிய கையைத் தேடி அவை திரும்பத் திரும்ப வந்தன. 2016இல் பெர்லினில் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. வெளிச்சமான, உயரமான மேடையில் நிறுத்தப்பட்ட எலி, பயத்தில், கிச்சுகிச்சு மூட்டினாலும் முன்போலக் கீச்சிடவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். பயமும் சிரிப்பும் ஒரே உடம்பில் சேர்ந்து இருப்பதில்லை. மூன்று வருடம் கழித்து அதே நகரத்தில் எலிகள் மனிதரோடு கண்ணாமூச்சி ஆடவும் கற்றுக்கொண்டன.

2024இல் ஆய்வாளர் இசபெல் லௌமரும் கூட்டாளிகளும் சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஓராங் ஊத்தான் ஆகிய நான்கு வகை மனிதக் குரங்கினங்களையும் பார்த்து 18 விதமான சீண்டல்களைக் குறித்தார்கள். ஒரு பொருளைக் கொடுப்பது போல நீட்டி இழுத்துக்கொள்வது, முகத்துக்கு முன்னால் ஆட்டுவது, முதுகில் தட்டிவிட்டு நகர்வது, முடியைப் பிடித்து இழுப்பது. நம் சபா, சரவாக் காட்டு ஓராங் ஊத்தானின் உறவுதான் அந்தப் பட்டியலில் இருப்பது. பேச்சு வருவதற்கு முன்பே, எட்டு மாதக் குழந்தையும் இதையே செய்கிறது. பிஸ்கட்டை அம்மா வாய்ப்பக்கம் நீட்டிவிட்டு இழுத்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து யாரும் "இது வெறும் பழக்கம்" என்று சொல்வதில்லை.

இந்த ஆய்வாளர்கள் பார்த்தது வெறும் முகபாவத்தை அல்ல. சீண்டும் விலங்கு செய்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கிறதா, என்ன நடக்கும் என்று காத்திருக்கிறதா, பதில் வராவிட்டால் மறுபடி செய்கிறதா, கொஞ்சம் மாற்றிச் செய்கிறதா என்றுதான் பார்த்தார்கள். வீட்டிலும் நாம் இதைத்தான் பார்க்க வேண்டும். நாய் முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது "இனி வருவதெல்லாம் விளையாட்டு" என்ற அறிவிப்பு. பலமுள்ளது வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கும், துரத்தியது ஓடும், ஓடியது துரத்தும். பூனையிடம் வாலைப் பார்க்கச் சொல்லி வெளிநாட்டுக் குறிப்புகள் இருக்கும். நம் ஊர்ப் பூனைகளில் பாதிக்கு வால் குட்டை அல்லது முடிச்சுப் போட்டது போல மடங்கியிருக்கும். அதனால் காதையும் முதுகையும் பார்ப்பது நல்லது.

கருப்பன் நாம் துரத்துவதற்காகத்தானே செருப்பை எடுக்கிறது, அது பழகிய பழக்கம்தானே என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஒருமுறை எடுத்தபோது நாம் ஓடிவந்தோம், அது பிடித்துப்போனது. ஆனால் நகைச்சுவை நமக்கும் அப்படித்தானே ஆரம்பிக்கிறது? எதிராளி எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்து, அதைக் கடைசி நொடியில் உடைத்து, அவர் முகம் மாறுவதைப் பார்ப்பது. கருப்பனுக்குத் துணுக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஏணியின் முதல் படியில் அது நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நகைச்சுவையைத் தவறாகப் படிப்பது போலவே குற்ற உணர்வையும் தவறாகப் படிக்கிறோம். பூனை கிளாஸைத் தள்ளிவிட்டால் "வேணும்னே பண்றான்" என்கிறோம். உருளுகிற பொருளும் நீங்கள் எழுந்து வருவதும் அதற்குப் போதும். பழிவாங்கும் திட்டம் அங்கே இல்லை. நாயின் "தப்பு பண்ணிட்டேன்" முகத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் சோதித்துப் பார்த்தார். தவறே செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அது நம் குரலுக்கான பதில். அந்த முகத்தைப் படம் பிடித்துச் சிரிக்கும்போது பயந்த நாயைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்) என நான்கைச் சொல்கிறது. விலங்குக் காணொளிகளைப் பார்த்து நாம் சிரிப்பது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுக்குள் வந்துவிடும். குட்டி தடுக்கி விழுகிறது, பூனை கண்ணாடியோடு சண்டை போடுகிறது. அந்தச் சிரிப்பு நம்முடையது, அதில் தவறும் இல்லை. அதை விலங்கின் கணக்கில் எழுதும்போதுதான் சிக்கல். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வெள்ளரிக்காயை வைத்து, அது எகிறிக் குதிப்பதைப் படம் எடுப்பார்கள். சாப்பிடும் இடமே ஆபத்தான இடம் என்று அந்தப் பூனை கற்றுக்கொள்கிறது. லேசர் ஒளியைத் துரத்தவிட்டால் கடைசி வரை அதன் காலடியில் எதுவும் அகப்படாது; ஆட்ட முடிவில் ஒளியை ஒரு பொம்மையின் மேல் நிறுத்திப் பிடிக்கவாவது விடுங்கள்.

தீபாவளிக்கு முந்திய இரவு ஒவ்வொரு வருடமும் எங்கள் லோரோங்கில் (சந்தில்) யாராவது ஒரு பையன் நாய்ப் பக்கம் பட்டாசை வீசுவான். நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு வட்டமடிக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். நான் அந்தப் பையனிடம் சண்டை போடுவதில்லை. "தம்பி, ரெண்டு நிமிஷம் சும்மா நில்லு. அது உன்கிட்ட திரும்பி வருதான்னு பாரு" என்று மட்டும் சொல்வேன். விளையாட்டா இல்லையா என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய சோதனை இது. கையை எடுங்கள், நகர்ந்து நில்லுங்கள், விலங்குக்கு விலகிப் போக வழி விடுங்கள். விளையாட்டாக இருந்தால் திரும்பி வந்து இடிக்கும். இல்லையென்றால் போய்விடும். பட்டாசு வீசிய பையனிடம் ஒரு நாயும் திரும்பி வந்ததில்லை. போன வருடம் ஒருவன் மட்டும் அதைக் கவனித்துவிட்டு, மிச்சப் பட்டாசைத் தெரு முனைக்கு எடுத்துப் போய் வெடித்தான்.

கருப்பனுக்கு இப்போது வயது பதினொன்று. முகவாய் நரைத்துவிட்டது, இடது பின்னங்காலில் மூட்டுவலி. செருப்போடு பத்தடி ஓட முடிவதில்லை. அத்தை அதற்காகவே ஒரு பழைய ரப்பர் செருப்பைப் படிக்கட்டில் விட்டு வைத்திருக்கிறார். நேற்று மாலை நான் போனபோது, மெதுவாக நடந்து அதை எடுத்து வந்து என் எதிரிலேயே, ஓரடி தூரத்தில் வைத்தது. காலைத் தூக்கி அதன் மேல் போட்டது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.